முடங்கிக் கிடந்தவரை நடக்க வைத்த ஊசி

1948-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ந் தேதி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் என்ற சிறு நகரம். அங்கே கடைத் தெருவில் 29 வயதுப் பெண்மணி ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டு இருந்தார். மூன்று மணி நேரம் சுற்றினார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோதும் அவர் முகத்தில் களைப்பைக் காணோம்.

கடைக்குப் போவது ஓர் அதிசயமா என்று கேட்கலாம். அதிசயம்தான். ஒரு வாரத்துக்கு முன்பு அந்தப் பெண்மணியால் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக முடக்குவாதம் அவரைப் படுத்தியது. முழங்கால், இடுப்பு, விரல் என்று மூட்டுகள் எல்லாம் வீங்கி இறுகிக் கிடந்தன. எந்த மருந்தும் கேட்கவில்லை.

அவரை எழுப்பி நடக்க வைத்தது ஓர் ஊசி மருந்து. அதைப் போடச் செய்தவர் டாக்டர் பிலிப் ஹென்ச். அந்த ஊசிக்காக அவர் காத்திருந்தது ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

பேச்சுத் தடை

ஹென்ச் 1896-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அமெரிக்காவின் இரும்பு நகரமான பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். பிறக்கும்போதே அவருக்கு அண்ணம் பிளந்திருந்தது. அதனால் பேச்சுத் தெளிவாக வராது. புதிதாகக் கேட்பவர்களுக்கு அவர் சொல்வது சட்டென்று விளங்காது. ஆனால், அவர் அதற்காக வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. குரலை உயர்த்திப் பேசினார். பிற்காலத்தில் டாக்டர்கள் நிறைந்த சபைகளைத் தம் பேச்சால் கட்டிப்போட்டவர் அவர்தான்.

லாபாயெட் கல்லூரியில் 1916-ம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். முதல் உலகப் போர் நடந்த சமயம் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். 1920-ம் ஆண்டு பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ராச்செஸ்டரில் உள்ள பெயர் பெற்ற மேயோ மருத்துவ நிலையத்துக்குப் போனார். அங்கே 1926-ம் ஆண்டு வாத நோய்ப் பிரிவின் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பது. 1927-ம் ஆண்டு அவ்வூர் ஹோட்டல் அதிபர் கேலரின் மகள் மேரியை மணந்துகொண்டார். இரண்டு ஆண் குழந்தைகள், இரண்டு பெண் குழந்தைகள்.

வாத நோய்ப் பிரிவு என்பது அந்தக் காலத்தில் டாக்டர்கள் விரும்பிப் போகும் இடம் அல்ல. வருகிறவர்கள் வலியோடு வருவார்கள். வலியோடு போவார்கள். ஆஸ்பிரின் மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், தங்க உப்பு ஊசி, ஓய்வு. கொடுப்பதற்கு இவ்வளவுதான் இருந்தது. முடக்குவாதம் ஒருமுறை பிடித்தால் பிடித்ததுதான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

காமாலை தந்த துப்பு

1929-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி 65 வயதான நோயாளி ஒருவர் ஹென்ச்சிடம் ஒரு விஷயம் சொன்னார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர். நெடுநாளாக முடக்குவாதத்தால் துன்பப்பட்டவர். அவருக்குத் திடீர் என்று மஞ்சள் காமாலை கண்டது. கண்ணும் தோலும் மஞ்சள் ஆன சில நாட்களில் மூட்டு வலி போன இடம் தெரியவில்லை! காமாலை குணமான பிறகும் பல மாதங்கள் வரை வலி திரும்பி வரவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டு இருப்பார். ஹென்ச் அதைக் குறித்து வைத்துக்கொண்டார். துப்பறியும் கதைகள் என்றால் அவருக்கு உயிர். ஷெர்லாக் ஹோம்ஸ் பித்தர் என்றே சொல்லலாம். சின்னத் துப்பை விடாமல் பிடித்துக்கொண்டு போகும் குணம் அவருக்கு இயல்பாகவே இருந்தது.

காமாலை வந்த வாத நோயாளிகளைத் தேடிப் பிடித்து விசாரித்தார். பலருக்கும் அதே கதை. பிறகு இன்னொரு துப்பும் கிடைத்தது. முடக்குவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது வலி குறைந்துவிடுகிறது. குழந்தை பிறந்த சில வாரங்களில் வலி திரும்பி வந்துவிடுகிறது.

காமாலைக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? ஹென்ச் இப்படி யோசித்தார்: இரண்டு நிலைகளிலும் உடம்பில் ஏதோ ஒரு பொருள் அதிகமாகிறது, அந்தப் பொருள் வாதத்தை அடக்குகிறது, அது காமாலைக்கு மட்டும் உரிய பொருளாகவும் இருக்க முடியாது, பெண்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்க முடியாது. பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு அவர் 'எக்ஸ்' என்று பெயர் சூட்டினார்.

இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. முடக்குவாதம் தீராத அழிவு அல்ல, அடக்கக்கூடிய நோய்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இயற்கையே அதை அடக்கிக் காட்டுகிறதே!

'எக்ஸ்' பொருளைத் தேடி அவர் செய்யாத முயற்சி இல்லை. நோயாளிகளுக்குப் பித்த நீரைக் கொடுத்துப் பார்த்தார். கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். காமாலையைச் செயற்கையாக வரவழைத்தும் பார்த்தார். ஒன்றும் நம்பும்படியான பலனைத் தரவில்லை.

அடுத்த அறையில் இருந்த விடை

அதே மேயோ நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். தைராய்டு சுரப்பியின் சாரமான தைராக்சினை 1914-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பிரித்து எடுத்துப் புகழ் பெற்றவர். அவர் பிறகு அட்ரீனல் சுரப்பியை ஆராயத் தொடங்கினார்.

அட்ரீனல் என்பது சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி கவிழ்த்தது போல் இருக்கும் சின்னச் சுரப்பி. அதன் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. மேல் பட்டையில் என்ன இருக்கிறது என்று அப்போது தெரியாது. ஆனால், அந்தப் பட்டை கெட்டுப்போனால் மனிதன் உயிர் வாழ முடியாது என்பது மட்டும் தெரியும். கெண்டல் கசாப்புக் கூடங்களில் இருந்து மாட்டின் அட்ரீனல் சுரப்பிகளை டன் கணக்கில் வரவழைத்தார். பட்டையில் இருந்து பல பொருள்களைப் பிரித்தார். அவற்றுக்கு ஏ, பி, ஈ, எஃப் என்று எழுத்துகளையே பெயராக வைத்தார். சுவிட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்பவரும் இதே வேலையில் முனைந்திருந்தார்.

ஹென்ச்சும் கெண்டலும் அடிக்கடி சந்தித்துப் பேசுவார்கள். 'எக்ஸ்' பொருள் அட்ரீனல் பட்டையில் இருக்கலாமோ என்ற சந்தேகம் இருவருக்கும் எழுந்தது. கெண்டலின் 'ஈ' பொருளை வாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று 1941-ம் ஆண்டு ஜனவரியில் முடிவு செய்தார்கள். ஹென்ச் அதைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

முடிவு செய்தாகிவிட்டது. மருந்துக்கு எங்கே போவது? டன் கணக்கான சுரப்பியில் இருந்து கிடைப்பது சிட்டிகை அளவு. அதற்குள் உலகப் போர் வந்தது. ஹென்ச் ராணுவத்துக்குப் போய், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் படைவீரர்களுக்கான வாத நோய் ஆஸ்பத்திரியை நடத்தினார். கர்னல் பதவிவரை உயர்ந்தார்.

வினோதம் என்னவென்றால், அந்தப் போர்தான் மருந்தையும் கொண்டுவந்தது. ஜெர்மன் விமானிகள் அட்ரீனல் சாரத்தை ஊசி போட்டுக்கொண்டு, வெகு உயரத்தில் களைப்பு இல்லாமல் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. அமெரிக்கா அலறி அடித்துக்கொண்டு அட்ரீனல் ஆராய்ச்சியில் இறங்கியது. வதந்தி பொய். ஆனால், ஆராய்ச்சி மெய். மெர்க் கம்பெனியைச் சேர்ந்த இளம் ரசாயன நிபுணர் லூயிஸ் சாரெட், மாட்டின் பித்தத்தில் உள்ள ஒரு பொருளை முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் மாற்றி மாற்றி, 1944-ம் ஆண்டு முடிவில் 'ஈ' பொருளைச் செய்து காட்டினார். 1948-ல் ஒரு சில கிராம் மருந்து தயாராயிற்று.

முதல் ஊசி

ஆரம்பத்தில் சொன்ன பெண்மணி 1948 ஜூலை 26-ந் தேதி மேயோ நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். காமாலையை வரவழைக்கும் வைத்தியம் அவருக்கும் செய்யப்பட்டது. பயன் இல்லை. குணம் ஆகாமல் வீடு திரும்ப மாட்டேன் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அந்தப் பிடிவாதம் ஹென்ச்சின் மனத்தைத் தொட்டது. மெர்க் கம்பெனிக்குக் கடிதம் எழுதி 'ஈ' பொருளைக் கேட்டார். மருந்து வந்தது.

செப்டம்பர் 21, செவ்வாய்க்கிழமை. செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போடப்பட்டது. நாள் ஒன்றுக்கு 100 மில்லிகிராம். இது அக்காலத்து அளவில் மிகவும் தாராளம். கஞ்சத்தனமாக 10, 20 மில்லிகிராம் கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. 'ஈ' பொருளும் குப்பைக்குப் போயிருக்கும்.

முதல் நாள் மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண் விழித்த பெண்மணி படுக்கையில் தாமாகவே புரண்டார். இறுக்கம் குறைந்திருந்தது. அடுத்தடுத்த நாளில் நடந்தார். ஒரு வாரத்தில் கடைத் தெரு.

ஹென்ச் உடனே ஊரைக் கூட்டிக் கொண்டாடவில்லை. அவருடைய உதவியாளர்களான டாக்டர் ஸ்லோகம்ப், டாக்டர் பாலி ஆகியோருடன் சேர்ந்து மேலும் பலருக்கு ஊசி போட்டார். சிலருக்கு இடையிலே மருந்தை நிறுத்தி, பார்வைக்கு அதே போன்ற வெள்ளைத் திரவத்தைப் போட்டார்கள். அதில் கொலஸ்டிரால் மட்டும் கலந்திருக்கும். மாற்றியது நோயாளிக்குத் தெரியாது. ஆனால், மூட்டுக்குத் தெரிந்தது! வலியும் வீக்கமும் திரும்பி வந்தன. மீண்டும் 'ஈ' பொருளைப் போட்டதும் அடங்கின. ஆகவே, இது மனப்பிரமை அல்ல.

1949-ம் ஆண்டு ஏப்ரலில் மேயோ டாக்டர்கள் கூட்டத்தில் ஹென்ச் தம் முடிவை வெளியிட்டார். 14 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை அது. பேச்சைவிடப் பெரிய சாட்சியாக ஒரு திரைப்படம் காட்டினார். ஊசிக்கு முன்பு நாற்காலியில் இருந்து எழ முடியாமல் தவித்தவர்கள், ஊசிக்குப் பிறகு படிகளில் ஏறி இறங்கினார்கள். கூடியிருந்த டாக்டர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மறுநாளே பத்திரிகைகள் செய்தியை உலகம் எங்கும் பரப்பின.

'ஈ' பொருள் என்று சொன்னால் ஜனங்கள் வைட்டமின் 'ஈ' என்று நினைத்துக்கொண்டு அதை வாங்கி விழுங்குவார்கள் என்ற பயம் வந்தது. எனவே மருந்துக்கு 'கார்ட்டிசோன்' என்று பெயர் வைத்தார்கள்.

முதல் ஊசி போட்ட இரண்டே ஆண்டுகளில், 1950 டிசம்பரில், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஹென்ச் தம் பங்குப் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. ஸ்லோகம்புக்கும் பாலிக்கும் பகிர்ந்து கொடுத்தார். வாத நோய்ப் பிரிவில் நோயாளிகளைப் பேணிய பேன்டலியன் என்ற கன்னிகாஸ்திரீ ரோமாபுரி சென்று போப்பைத் தரிசிப்பதற்கும் அதில் இருந்தே பணம் தந்தார்.

நிலவு முகம்

இதோடு கதை முடிந்திருந்தால் ஹென்ச் மகிழ்ச்சியாக இருந்திருப்பார். ஆனால், ஊசி போடப் போட நோயாளிகளின் உருவம் மாறத் தொடங்கியது. முகம் பூரண சந்திரன் போல் உருண்டது. உடம்பு பருத்தது. முகத்தில் பரு வந்தது. பெண்களுக்கு ரோமம் முளைத்தது. சிலர் காரணம் இல்லாமல் குதூகலம் அடைந்தார்கள். சிலருக்குச் சித்தம் கலங்கியது. நாளாக ஆக எலும்பு மெலிந்தது. வயிற்றில் புண் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. கிருமிகள் உள்ளே புகுந்தாலும் காய்ச்சலோ வீக்கமோ தோன்றவில்லை. நோய் முற்றிய பிறகே தெரிந்தது.

ஏன் இப்படி? கார்ட்டிசோன் வாதத்தைக் கொல்லும் மருந்து அல்ல. உடம்பின் காவல் படையை அமைதிப்படுத்தும் மருந்து. முடக்குவாதத்தில் அந்தப் படை வழி தவறிச் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. அதை அடக்கினால் வலி போகிறது. ஆனால், படை உறங்கினால் திருடனுக்கும் கொண்டாட்டந்தானே!

இன்னொரு ஆபத்தும் இருந்தது. வெளியில் இருந்து மருந்து தாராளமாக வந்துகொண்டே இருந்தால், அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டுச் சுருங்கிவிடும். அந்த நிலையில் மருந்தைத் திடீர் என்று நிறுத்தினாலோ, பெரிய ஆபரேஷன் செய்தாலோ, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு மரணம் 1952-ம் ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ஹென்ச் இதை எல்லாம் மறைத்தவர் அல்ல. இது நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று ஆரம்பத்தில் இருந்தே அவர் சொல்லவில்லை. மருந்து இருக்கும் வரையில் திசுக்களுக்கு ஒரு கேடயம். கேடயத்தை எடுத்தால் நோய் மறுபடி தாக்கும். இதுதான் அவருடைய கருத்து. கூட்டத்துக்குக் கூட்டம் எச்சரித்தார். யார் காதில் விழுந்தது? திரைப்படத்தில் படியேறிய நோயாளிகளை உலகம் பார்த்துவிட்டது. எச்சரிக்கை அச்சில் சின்ன எழுத்தில் வந்தது. அதிசயம் பெரிய எழுத்தில் வந்தது.

அதிசயத்தின் விலையும் கொஞ்சம் அல்ல. தொடக்கத்தில் ஒரு கிராம் 200 டாலர். ஒரு நோயாளியின் ஒரு நாள் மருந்துக்கு 40 மாடுகளின் பித்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். மெக்சிகோ நாட்டின் காட்டு வள்ளிக்கிழங்கும் ஒருவகைப் பூஞ்சைக் காளானும் இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தன. கிழங்கில் இருந்து எடுத்த பொருளைக் காளான் ஒரே படியில் மாற்றித் தரும் முறை 1952-ம் ஆண்டு வெளியானது. விலை மளமளவென்று சரிந்தது.

1954-ம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த முடிவு ஹென்ச்சுக்கு ஓர் அடி. முடக்குவாதக்காரர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கார்ட்டிசோனும் மற்றதற்குச் சாதாரண ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், பெரிய வித்தியாசம் இல்லை! ஆனால், இந்தத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு அல்ல. ஸ்டீராய்டைச் சிறு அளவில் கொடுத்தால் மூட்டு எலும்பின் அரிப்பு மெதுவாகிறது என்று 1995-ம் ஆண்டு நிரூபிக்கப்பட்டது. அதைப் பார்க்க ஹென்ச் இல்லை.

மூட்டுக்குள் ஊசி

உடம்பு முழுவதும் மருந்தைப் பரப்பினால்தானே தொல்லை? நோய் உள்ள மூட்டில் மட்டும் போட்டால் என்ன? பிலடெல்பியாவைச் சேர்ந்த டாக்டர் ஹாலண்டர் இப்படி யோசித்தார். கார்ட்டிசோனை மூட்டுக்குள் போட்டார், சரியாகப் பலிக்கவில்லை. கெண்டலின் 'எஃப்' பொருளான ஹைட்ரோகார்ட்டிசோனைப் போட்டார், பலித்தது. 1951-ல் அதை அறிவித்தார். காரணம் இதுதான்: உண்மையில் வேலை செய்வது 'எஃப்' பொருளே. இடுப்பிலோ கையிலோ போடும் 'ஈ' பொருளை ஈரல் 'எஃப்' ஆக மாற்றிக்கொள்கிறது. மூட்டுக்குள்ளே ஈரல் ஏது?

இன்று முழங்காலிலும் தோளிலும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகள் அந்த ஊசியின் வாரிசுகளே. மீதைல்பிரட்னிசோலோன், டிரையாம்சினோலோன் என்று பெயர்கள் மாறியுள்ளன. பலன் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நிற்கும். அதே மூட்டில் அடிக்கடி போட்டால் குருத்தெலும்பு தேயும். தசைநாரில் குத்தினால் நார் அறுந்துபோகலாம். குத்திய இடத்தில் தோல் மெலிந்து வெளுக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஊசியில் சுத்தம் தவறினால் மூட்டில் சீழ் பிடிக்கும். அமெரிக்காவில் 2012-ம் ஆண்டு, பூஞ்சை கலந்துவிட்ட ஸ்டீராய்டு ஊசியால் 750 பேருக்கு மேல் நோய் கண்டு, 60-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மருந்தின் குற்றம் அல்ல அது, தயாரித்தவர்களின் அஜாக்கிரதை.

மறுபுறம், இந்த ஊசியால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கு இல்லை. கடும் ஆஸ்துமா, அட்ரீனல் செயலிழப்பு போன்ற அவசரங்களில் இது உயிர் காக்கிறது. குறைப்பிரசவம் ஆகும் நிலையில் தாய்க்கு இந்த ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் முதிர்கிறது என்று நியூசிலாந்து டாக்டர்கள் 1972-ல் காட்டினார்கள். 2020-ம் ஆண்டு கொரோனாத் தொற்றில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் அவர்களுக்கும் கொடுத்தார்கள். மறு ஆண்டு இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்குக் கட்டுப்பாடு இல்லாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் சதை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு ஜாதி; பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கடைசி நாட்கள்

ஹென்ச் 1957-ம் ஆண்டு மேயோ நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்பதை 1900-ம் ஆண்டு கியூபாவில் நிரூபித்த வால்டர் ரீட் குழுவினரின் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. சோதனைக்கு உடன்பட்டுக் கொசுக்கடி வாங்கியவர்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார். கியூபாவுக்குப் போய், சோதனை நடந்த முகாம் எந்த நிலத்தில் இருந்தது என்று துப்புத் துலக்கினார். கடிதங்களும் படங்களும் பெட்டி பெட்டியாகச் சேர்ந்தன. புத்தகம் மட்டும் எழுதி முடியவில்லை.

சர்க்கரை வியாதி அவரையும் பிடித்திருந்தது. 1965-ம் ஆண்டு மார்ச் மாதம் ஓய்வுக்காக ஜமைக்கா தீவுக்குச் சென்றார். ஓச்சோ ரியோஸ் என்ற கடற்கரை ஊரில் நிமோனியா கண்டு, 30-ந் தேதி காலமானார். வயது 69.

மஞ்சள் காய்ச்சல் பற்றி அவர் சேர்த்த காகிதங்கள் வர்ஜீனியா சர்வகலாசாலையில் இருக்கின்றன. அவரும் மனைவியும் ஆசை ஆசையாகச் சேர்த்த ஷெர்லாக் ஹோம்ஸ் புத்தகங்கள் மின்னசோட்டா சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தன.